மடிக்கணினியோடு ஒரு மேசையும் ஆளும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று 2025 மார்ச் மாதத் தமிழக நிதிநிலை அறிக்கை அறிவித்தது. மனமார வரவேற்கிறோம். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால், கருவி கைக்கு வந்த மறுநாள் ஏதாவது ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால் மாணவர் யாரிடம் போய்க் கேட்பது? நம் கல்லூரிகள் பலவற்றில் இதற்கு இன்னும் பதில் இல்லை. கல்லூரி நூலகங்களிலும் கணினிக்கூடங்களிலும் பணிசெய்பவர்கள் என்ற முறையில் இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்.

இப்போது நடப்பது இதுதான். கணினித் துறையில் நல்ல மனம் படைத்த ஆய்வக உதவியாளர் ஒருவர் இருந்தால் தம் வேலைக்கு நடுவே சொல்லிக்கொடுப்பார். இல்லையென்றால் மாணவர் பேருந்து நிலையத்துப் பிரவுசிங் சென்டருக்குப் போவார். அங்கே வேலை முடிந்துவிடும், கற்றுக்கொள்வது நடக்காது. கடைக்காரரே மின்னஞ்சல் முகவரி உருவாக்குவார், கடவுச்சொல்லும் அவரே வைப்பார், சில சமயம் மீட்புக்கான கைபேசி எண்ணும் அவருடையதாகவே இருக்கும். மூன்றாம் ஆண்டில் மதிப்பெண் பட்டியலுக்காக அந்தக் கணக்கைத் திறக்க வேண்டி வரும்போது கடை இருக்காது, எண்ணும் மாறியிருக்கும்.

நாங்கள் கேட்பது ஓர் உதவி மேசை. ஒவ்வொரு கல்லூரியிலும், ஒவ்வொரு பல்கலைக்கழக வளாகத்திலும், நூலக வாசலை ஒட்டி, குறித்த நேரத்தில் ஆள் இருக்கும் மேசை. அங்கே என்னென்ன வரும், ஒவ்வொன்றுக்கும் என்ன செய்ய வேண்டும் என்பதை விரிவாகவே எழுதுகிறோம். இது பெருஞ்செலவுத் திட்டம் அல்ல என்பது அதிலிருந்தே விளங்கும்.

முதலாண்டு மாணவர் சேர்ந்த முதல் மாதத்தில் வருவதெல்லாம் உள்நுழைவுச் சிக்கல்தான். அதன் வேர் பெரும்பாலும் பெயரிலும் கைபேசி எண்ணிலும் இருக்கும். நம்மிடம் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, இனிஷியல்தான். படிவமோ ‘ஃபர்ஸ்ட் நேம்’, ‘லாஸ்ட் நேம்’ என்று இரண்டு கட்டம் காட்டும். ஒருவர் இனிஷியலை முன்னால் போடுவார், இன்னொருவர் பின்னால், மூன்றாமவர் அப்பா பெயரை முழுதாக விரித்து எழுதுவார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் வேறு விதம், கல்லூரிப் பதிவேட்டில் மற்றொரு விதம். டிஜிலாக்கர் வழியாக ஏபிசி என்னும் கல்வி மதிப்பலகு வங்கிக் கணக்கு தொடங்கும்போது இந்த வேறுபாடு முட்டிக்கொண்டு நிற்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரை, புள்ளியும் இடைவெளியும்கூட மாறாமல், எல்லா இடத்திலும் பயன்படுத்துவது நல்லது. ஆதார் வேறுபட்டால் முதலில் ஆதாரைத் திருத்த வேண்டும், அதன் பிறகே மற்றவை. கைபேசி எண்ணிலும் இதே கதை. ஆதாரில் அப்பாவின் எண் இருக்கும், அவர் வேலைக்குப் போன இடத்தில் சிக்னல் கிடைக்காது, ஓடிபி வந்து காலாவதியாகிவிடும். இதை ஜூன், ஜூலையிலேயே சரிசெய்தால் நவம்பர் தேர்வுக் கட்டணம் செலுத்தும் வாரத்தில் யாரும் கண்ணீர்விட வேண்டியதில்லை.

அடுத்தது பணித்தாள் சமர்ப்பிப்பு. கையால் எழுதிய 12 பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்தால் ஒரு படம் 3 முதல் 5 எம்பி வரை வரும். மொத்தம் 36 எம்பிக்குக் குறையாது. பணித்தாள்களை இணையவழியே வாங்கும் ‘மூடில்’ என்ற கல்லூரித் தளமோ 2 எம்பிக்கு மேல் ஏற்காது. இந்த 2 எம்பி எங்கிருந்து வந்தது என்றால், மூடில் இயங்கும் பிஎச்பி மென்பொருளில் இயல்பாகவே இருக்கும் வரம்பு அது. நிறுவியவர் அதை மாற்றாமல் விட்டிருப்பார். வரம்பு நான்கு அடுக்குகளில் உண்டு: சர்வர், தளம், பாடம், குறிப்பிட்ட பணித்தாள். நான்கில் எது சிறியதோ அதுவே செல்லும். ஆசிரியர் தம் பாடத்தில் 20 எம்பி என்று வைத்துவிட்டு மாணவரைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை, சர்வரில் மாற்றினால்தான் நடக்கும்.

மாணவர் பக்கம் செய்ய வேண்டியது வேறு. கேமராவால் படமெடுக்காமல் கூகுள் டிரைவ் செயலியில் உள்ள ஸ்கேன் வசதியைப் பயன்படுத்த வேண்டும். அது நேராகவே பிடிஎஃப் ஆக்கித் தரும். ஏ4 தாளுக்கு 150 டிபிஐ, கறுப்பு வெள்ளைச் சாயல் போதும், கையெழுத்து தெளிவாகவே தெரியும். பக்கத்துக்கு ஏறக்குறைய கால் எம்பிதான் ஆகும். விளக்கொளியில் நின்று எடுத்தால் கைபேசியின் நிழலே தாளில் விழும். பகலில் ஜன்னலோரம் தாளை வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுக்க வேண்டும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது பதிவெண், பாடக் குறியீடு, பணித்தாள் எண் என்ற வரிசையில் வைத்தால் திருத்துபவருக்குப் பேருதவி. ‘ஸ்கேன் 1’ என்ற பெயரில் அறுபது கோப்பு வந்தால் அவர் என்ன செய்வார்?

இன்னொரு தவறு கண்ணுக்கே தெரியாது. மூடிலில் சமர்ப்பிப்புப் பொத்தானை அழுத்தியே தீர வேண்டும் என்ற அமைப்பு இருந்தால், கோப்பை ஏற்றியதும் அது ‘டிராஃப்ட்’ நிலையில்தான் நிற்கும். மாணவர் ஏற்றியாயிற்று என்று நிம்மதியாகப் போய்விடுவார், ஆசிரியருக்கோ சமர்ப்பிக்கவில்லை என்று காட்டும். கூகுள் கிளாஸ்ரூமில் ‘டர்ன் இன்’ அழுத்தாமல் விடுவதும் இதே வகை. டிரைவ் இணைப்பை அனுப்புபவர்கள் அனுமதியை மாற்ற மறப்பார்கள். இயல்பு நிலையில் அந்தக் கோப்பு உரிமையாளருக்கு மட்டுமே திறக்கும். அனுப்பும் முன் இன்னொரு கைபேசியில், வேறு கணக்கில், அந்த இணைப்பைத் திறந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். தளத்தின் நேர மண்டலத்தையும் நிர்வாகி ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அது கிரீனிச் நேரத்தில் இருந்தால், நள்ளிரவுக் கெடு உண்மையில் அதிகாலை ஐந்தரைக்குத்தான் முடியும். சிலருக்கு அது சலுகையாகிவிடும், அறிவித்த நேரத்தை நம்பியவர்களுக்கு அநீதி.

ஜெராக்ஸ் கடையைப் பற்றியும் ஒரு சொல். அச்செடுக்கப் பென்டிரைவைக் கொடுத்தால், திரும்பி வரும்போது கோப்புகள் எல்லாம் குறுக்குவழிச் சின்னங்களாக மாறியிருப்பது அடிக்கடி நடக்கிறது. கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது. வைரஸ் அவற்றை மறைத்து வைத்துவிட்டு அதே பெயரில் போலிச் சின்னத்தைக் காட்டும். அந்தச் சின்னத்தைச் சொடுக்கினால்தான் மடிக்கணினிக்கும் பரவும். சொடுக்காமல் மேசைக்குக் கொண்டுவந்தால், ‘அட்ரிப்’ என்ற கட்டளையால் மறைப்பை நீக்கி, கோப்புகளை எடுத்துக்கொண்டு, பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடலாம். பத்து நிமிட வேலை. கடையில் வாட்ஸ்அப் வெப் திறந்து கோப்பு அனுப்புபவர்கள் வெளியேற மறந்தால், அவர்களுடைய உரையாடல் முழுதும் அந்தக் கணினியில் திறந்து கிடக்கும். கைபேசியில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதிக்குப் போய் அதை வெட்டிவிடலாம் என்பதைப் பெண் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும்.

எங்களுக்கு அதிகக் கவலை தருவது தமிழ்த் தட்டச்சு. தமிழ், வரலாறு, பொருளியல் என்று தமிழ் வழியில் படிப்பவர்களின் திட்டக் கட்டுரைகளும் ஆய்வேடுகளும் இன்றும் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களிலேயே தட்டச்சாகி வருகின்றன. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு அதன் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடும், பொருளற்ற எழுத்துக் குவியல்தான் மிஞ்சும். தேடினால் கிடைக்காது, அகரவரிசைப்படுத்த முடியாது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோடில் அதே சொல் த, ம, இகர விலங்கு, ழ, புள்ளி என ஐந்து தமிழ்க் குறியீடுகளாகவே பதிவாகும், எந்தக் கருவியிலும் தமிழாகவே இருக்கும். யூனிகோடையும், தமிழுக்கென்றே உருவான டேஸ்16 குறியேற்றத்தையும் 2010-இலேயே தமிழக அரசு தரமாக ஏற்றுவிட்டது. கடைகளும் சில துறைகளும் இன்னும் மாறவில்லை.

மேசையில் கற்றுத்தர வேண்டியது எளிது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், அதில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் லாங்குவேஜ் அண்ட் ரீஜன். அங்கே தமிழைச் சேர்த்து, அதன் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ் 99-ஐத் தேர்ந்துகொண்டால் போதும். பிறகு விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். தனியே எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம். தமிழ் 99 என்பது 1999-இல் அரசு தரப்படுத்திய அமைப்பு. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அதன் விதிப்படி ஒரே மெய்யை அடுத்தடுத்து அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். அ, ம, ம, ஆ என்று நான்கு விசையில் ‘அம்மா’ வந்துவிடும். ங-வை அடுத்துக் க அடித்தாலும் அப்படியே. இதைச் சொன்னதும் மாணவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். நாள்தோறும் இருபது நிமிடம் பழகினால் சில வாரங்களில் விசைப்பலகையைப் பார்க்காமல் அடிக்கலாம். ஆங்கில ஒலிப்பெயர்ப்பில் அடிப்பது முதல் நாளே வசப்படும். ஆனால் ந, ன, ண வேறுபாடும் ல, ள, ழ வேறுபாடும் பெரிய எழுத்து, சிறிய எழுத்துக் குழப்பமாகி, பிழைகள் மிகும். நீண்ட ஆய்வேடு எழுதப்போகிறவருக்குத் தமிழ் 99-ஐத்தான் நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

பழைய எழுத்துருவில் பாதி எழுதிவிட்டு வருபவர்களுக்கு மாற்றி உதவ வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம் இதற்கான மாற்றியை இலவசமாகத் தருகிறது. இங்கே அவசரம் கூடாது. முதலில் மூலக் கோப்பைப் படியெடுத்து ஒதுக்கி வைக்க வேண்டும். எந்தக் குறியேற்றம் என்பதை ஒரு பத்தியில் சோதிக்க வேண்டும். எழுத்துருப் பெயரை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். ‘கொ’, ‘ஸ்ரீ’, ‘ஷ’ ஆகியவை சரியாக வருகின்றனவா என்று பார்த்தால் தெரிந்துவிடும். முழு ஆய்வேட்டையும் ஒரே மூச்சில் மாற்றினால் நடுவே உள்ள ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குப்பையாக மாறும், அடிக்குறிப்புகள் காணாமற்போகும், அட்டவணைகள் குலையும். இயல் இயலாக, ஆங்கிலப் பகுதிகளை விட்டுவிட்டு மாற்ற வேண்டும். முடிந்ததும் ‘ஔ’ வரும் இடங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். ஒகரத்தையும் ளகரத்தையும் பக்கத்தில் வைத்து ஔகாரம்போலக் காட்டுவது பரவலான பிழை. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு.

பார்வையற்ற மாணவருக்கு இது உயிர்நாடி. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் படிக்கும். யூனிகோடில் உள்ள பாடக்குறிப்பை அது படித்துச் சொல்லும். பாமினியில் உள்ளதைத் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்றுதான் அந்தப் பிள்ளையின் காதில் விழும். பக்கங்களைப் படமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் எதுவுமே விழாது. அதைக் கூகுள் டிரைவில் ஏற்றிக் கூகுள் டாக்ஸில் திறந்தாலோ, டெசராக்ட் மென்பொருளில் கொடுத்தாலோ எழுத்தாக மாறும். ஆனால் துணைக்காலும் ‘ர’வும் மாறிப்போகும், பழைய அச்சுப் புத்தகங்களில் பிழை மிகும். யாராவது ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்தே ஆக வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைச் சலுகையாகச் சொல்லவில்லை, உரிமையாகவே சொல்கிறது. பருவம் தொடங்கும் முன்பே பாடக்குறிப்புகள் யூனிகோடில் அவர்கள் கையில் இருக்க வேண்டும். மேசையின் உயரமும் சக்கர நாற்காலி நுழையும்படி இருக்கட்டும்.

வேர்டு, எக்செல் பற்றி நிறைய எழுதலாம், சிலவற்றோடு நிறுத்துகிறோம். ஆய்வேட்டில் முன்பகுதிக்கு ரோமன் எண்ணும் உட்பகுதிக்கு 1 முதலும் வர வேண்டும் என்பார்கள். மாணவர் மூன்று தனிக் கோப்புகளாக வைத்துக்கொண்டு திண்டாடுவார். இரண்டு பகுதிக்கும் நடுவே ‘செக்ஷன் பிரேக்’ வைத்து, இரண்டாம் பகுதியின் அடிப்பக்கத்தில் ‘லிங்க் டு பிரீவியஸ்’ என்பதை நீக்கினால் ஒரே கோப்பில் முடிந்தது. தலைப்புகளைப் பெரிதாக்கித் தடித்த எழுத்தில் போடுவதோடு நிற்காமல் ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ பாணிகளைக் கொடுத்தால் பொருளடக்கம் தானாக உருவாகும். கடைசி இரவில் பக்க எண்களைக் கையால் திருத்தும் வேதனை இருக்காது. எக்செலில் 12 இலக்கப் பதிவெண்ணை ஒட்டினால் அது அடுக்குக்குறி எண்ணாகச் சுருங்கிக் காட்டும். வங்கிக் கணக்கு எண் 16 இலக்கம் என்றால் இன்னும் மோசம், கடைசி இலக்கம் பூச்சியமாகவே மாறிவிடும். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் துல்லியம் காக்காது. ஒட்டும் முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிட வேண்டும், ஒட்டிய பிறகு மாற்றிப் பயனில்லை. தமிழ்ப் பெயர்கள் உள்ள பட்டியலைச் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்ற வகையையே தேர வேண்டும், இல்லாவிட்டால் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகும். இவற்றைத் தாமே பார்த்துப் பழக விரும்புவோருக்கு, லிப்ரே ஆபீஸ் முதலியவற்றைத் தமிழில் விளக்கும் சிறு காணொளிகளை மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டியூட்டோரியல் திட்டம் இலவசமாகத் தருகிறது.

கணினி தெரிந்தால் போதாது, கல்விசார் திறனும் அதே மேசையில் கிடைக்க வேண்டும். கருத்துத் திருட்டைப் பற்றிய பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளைப் பலர் ஒரு சதவீதக் கணக்காக மட்டுமே அறிந்திருக்கிறார்கள். ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைத் தர முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். அதே விதிமுறைகள் ஒவ்வொரு பருவத்திலும் மாணவருக்கும் ஆசிரியருக்கும் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்றும் சொல்கின்றன. தண்டனைப் பகுதி எல்லாருக்கும் தெரிகிறது, கற்பிக்க வேண்டிய கடமையோ ஏட்டிலேயே நிற்கிறது.

தமிழ் இலக்கிய ஆய்வுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. சங்கப் பாடல்களையும் குறளையும் மேற்கோள் காட்டாமல் அந்த ஆய்வேடு எழுத முடியாது. மேற்கோளையும் நூற்பட்டியலையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. ஆனால் பாடலை உள்தள்ளி எழுதிவிட்டு மேற்கோள் குறி போடாமல் விட்டால் மென்பொருளுக்கு அது மேற்கோள் என்று தெரியாது. குறி போட்டிருந்தாலும், சோதிப்பவர் மேற்கோள் விலக்கு அமைப்பை இயக்க மறந்தால் எண் ஏறிவிடும். மறுபுறம், பாமினியில் உள்ள ஆய்வேட்டைச் சோதனைக்குக் கொடுத்தால் ஒப்புமை பூச்சியத்தை ஒட்டி வரலாம். மென்பொருள் பார்த்தது தமிழையே அல்ல என்பதுதான் அதன் பொருள். அந்தச் சான்றிதழை நம்பிக் கையெழுத்திடும் நெறியாளர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஆய்விதழ்களைப் பொறுத்தவரை 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. ஆனாலும் ‘பணம் கட்டச் சொல்கிறது’ என்று மாணவர் வந்து நிற்பார். கைபேசியின் சொந்த டேட்டாவில் திறந்திருப்பார். வளாக வைஃபையில் இருந்தால்தான் அந்த இணைப்பு கல்லூரியினுடையது என்று இதழின் தளம் அறியும். விடுதியிலோ வீட்டிலோ படிக்க, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்லிப்நெட் அமைப்பின் இன்ஃபெட் வழி உள்நுழைவு வேண்டும், அதற்குக் கல்லூரி முதலில் பதிவுசெய்திருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தாதே என்று சொல்லி இனிப் பயனில்லை. அவை தரும் நூற்பட்டியலில் இல்லாத கட்டுரைகளும் இருக்கும் என்பதைக் கண்முன் காட்ட வேண்டும். தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடு, இதழின் தளத்துக்குப் போய் அந்தத் தொகுதியின் பொருளடக்கத்தைப் பார், கட்டுரைக்கான நிலையான அடையாளமாகிய டிஓஐ எண் இருந்தால் அது எங்கே கொண்டுபோகிறது என்று பார். மூன்றிலும் கிடைக்காதது மேற்கோளாகாது.

மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் படித்து ஒரு பருவப் பாடங்களில் 40 சதவீதம் வரை மதிப்பலகு பெறலாம் என்று 2021 முதல் விதி இருக்கிறது. அந்தத் தளத்தில் ஐஐடிகள் முதலியவை நடத்தும் என்பிடெல் பாடங்களில் மாணவர் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான்: பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவுசெய்வது வேறு. முதலாவது இலவசம், இரண்டாவதற்குத் தனிக் கட்டணமும் தனிக் கெடுவும் உண்டு. 12 வாரப் பாடத்தில் சிறந்த எட்டுப் பணித்தாள்களின் சராசரிக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75. சான்றிதழுக்கு முன்னதில் 10-உம் பின்னதில் 30-உம் தனித்தனியே வேண்டும். தேர்வில் 70 வாங்கிவிட்டுப் பணித்தாள்களைத் தவறவிட்டவருக்கும் சான்றிதழ் இல்லை.

இனி மேசையின் அமைப்பு. கணினிக்கூடத்தில் வைக்க வேண்டாம், செய்முறைத் தேர்வு வந்தால் உள்ளே விடமாட்டார்கள். நூலகமே சரியான இடம். இரண்டு கணினி, பக்கம் பக்கமாக இரண்டு நாற்காலி, ஒரு ஸ்கேனர், ஒரு ஹெட்செட், மடிக்கணினியோடு வருபவர்களுக்கு ஆறு முனை கொண்ட மின்பலகை. நேரம்தான் முக்கியம். இரண்டு ஷிப்ட் நடக்கும் அரசுக் கல்லூரியில் 12 மணி முதல் இரண்டரை வரை திறந்திருந்தால் காலை மாணவரும் மாலை மாணவரும் வரலாம். மாலை ஐந்துக்கு மேல் வைத்தால் ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்தை விட முடியாதவர்கள் வரவே மாட்டார்கள், அதிக உதவி தேவைப்படுபவர்களும் அவர்கள்தான்.

மேசையில் ஒரு பணியாளரும், பயிற்சி பெற்ற மூத்த மாணவர் ஒருவரும் இருக்கட்டும். மூத்த மாணவருக்கு மணிக்கணக்கில் ஊதியம் தர வேண்டும், இலவச உழைப்பாக வாங்கினால் தேர்வு நெருங்கும்போது மேசை காலியாகும். இருவரில் ஒருவராவது பெண்ணாக இருப்பது நல்லது. கணினித் தமிழை வளர்ப்பதற்கான கணித்தமிழ்ப் பேரவை செயல்படும் கல்லூரிகளில் தமிழ்த் தட்டச்சுப் பயிற்சியை அதனிடமே ஒப்படைக்கலாம். உதவுபவருக்குச் சில கட்டுப்பாடுகள் வேண்டும். மவுஸைக் கையில் வாங்கக் கூடாது, மாணவரே செய்யட்டும், நாம் பக்கத்தில் இருந்து சொல்வோம். கடவுச்சொல்லைக் கேட்கவோ எழுதி வைக்கவோ கூடாது, தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பணித்தாளின் உள்ளடக்கத்தை எழுதித் தரக் கூடாது. ‘இதுகூடத் தெரியாதா’ என்ற சொல் வாயில் வரவே கூடாது. ஒருமுறை அதைக் கேட்ட பிள்ளை இரண்டாம் முறை வராது.

ஒரு பதிவேடு வைக்க வேண்டும். பெயர் வேண்டாம். தேதி, துறை, ஆண்டு, சிக்கல் என்ன, எத்தனை நிமிடம், தீர்ந்ததா என்பவை போதும். மாதக் கடைசியில் அதை எண்ணிப் பார்த்தால் கல்லூரிக்கே பாடம் கிடைக்கும். முப்பது பேர் ‘டிராஃப்ட்’ சிக்கலோடு வந்திருந்தால் தவறு முப்பது பேரிடம் இல்லை, மூடில் அமைப்பில் இருக்கிறது. நிர்வாகி ஒரு பொத்தானை மாற்றினால் அடுத்த மாதம் அந்த முப்பது பேரும் வர வேண்டியதில்லை.

ஒருநாள் பயிலரங்குகளால் இந்த வேலை நடக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். கருத்தரங்கக் கூடத்தில் இருநூறு பேரை உட்கார வைத்துத் திரையில் காட்டுவதைக் கை மறந்துவிடும். 15 பேர், ஆளுக்கொரு கணினி, முக்கால் மணி நேரம், ஒரே ஒரு வேலை என்று வைக்க வேண்டும். அதுவும் அந்த வேலை தேவைப்படும் வாரத்துக்கு முந்தைய வாரத்தில். பொருளடக்கம் உருவாக்குவதை ஜூலையில் கற்பித்தால் மார்ச்சில் யாருக்கு நினைவிருக்கும்?

கல்லூரிக் கல்வி இயக்ககத்தையும் பல்கலைக்கழகங்களையும் நாங்கள் கேட்டுக்கொள்வது: மடிக்கணினி வழங்கும் ஒவ்வொரு கல்லூரியிலும் இந்த மேசைக்கென ஒரு பணியிடத்தையோ, குறைந்தது வாரத்துக்கு 15 மணி நேரப் பணியொதுக்கீட்டையோ ஆணையாகவே பிறப்பியுங்கள். மூத்த மாணவர் ஊதியத்துக்குக் கல்லூரி நிதியில் தனித் தலைப்பு கொடுங்கள். திட்டக் கட்டுரைகளும் ஆய்வேடுகளும் யூனிகோடில் மட்டுமே ஏற்கப்படும் என்று வரும் கல்வியாண்டில் அறிவித்து, மாறுவதற்கு ஓராண்டு அவகாசமும் மாற்றித் தரும் உதவியும் சேர்த்தே கொடுங்கள். முதல் அகமதிப்பீட்டுத் தேர்வுக்கு முன்பே மேசை திறந்திருக்கும்படி இந்த ஆணைகள் ஜூன் மாதத்துக்குள் கல்லூரிகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
கல்லூரி நூலக, கணினிக்கூடப் பணியாளர்கள் சிலர்